மணிக்குப் போட்டோம்... செவலைக்கு விட்டுவிட்டோம்!

பால் சொசைட்டிக்குப் போனால் திரும்ப அரை மணி நேரமாகும். அத்தனையும் ஆடு, மாடு, கோழிக் கதைதான். வாத்து முட்டையில் 28 நாள் அடைகாத்த கோழி, குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கியதும் கரையில் நின்று கத்திய கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. பங்குனியில் ஒரு வெறிநாய் கொட்டகைக்குள் புகுந்தது. எங்கள் நாட்டு நாய் மணி சண்டை போட்டு விரட்டியது. அதற்கு மூக்கில் கடி. வருஷம் தவறாமல் ஊசி போட்ட நாய்தான். மறுநாளே மறுபடி போட்டு, டாக்டர் சொன்னபடி 45 நாள் கட்டி வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

செவலைப் பசுவின் காலிலும் பல் பட்டதை யாரும் பார்க்கவில்லை.

வைகாசியில் அது தீனி எடுக்கவில்லை. எச்சில் ஒழுகியது, ஓயாமல் கத்தியது. மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று கொழுந்தனார் வாய்க்குள் கை விடப் போனார். "டேய், கையை எடு! அன்னிக்கு நாய் வந்துச்சே..." என்று மாமியார் போட்ட சத்தத்தில்தான் நின்றார். கால்நடை டாக்டர் வந்து வெறிநோய் என்றார். அறிகுறி வந்த பிறகு மருந்தே கிடையாதாம். கடிபட்ட அன்றே புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

மூன்றாம் நாள் செவலை போய்விட்டது. தோல் உரிக்க விடாமல், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். எச்சில் பட்ட கையை ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நானும் கொழுந்தனாரும் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டோம். காசு வாங்கவில்லை.

இப்போது தினமும் பால் கறக்கும் முன் மாமியார் மாடுகளின் கால்களைத் தடவிப் பார்க்கிறார்.