அணைந்த விளக்கும் மூடாத வால்வும்

இயந்திரம் எத்துணை நுட்பமாக அமைந்திருப்பினும், அது தன் நிலையை மனிதனுக்கு உள்ளவாறு உணர்த்தாதாயின் பயன் சிறிதே. கேடு பெரிதாகவும் கூடும். ஆளி, விளக்கு, மானி என்பன இலத்திரனியற் கருவியின் வெளியழகுக்காக அமைந்தவை அல்ல. அவையே கருவியின் வாய்மொழி. அவ்வாய்மொழி பொய்த்தால் விளைவது யாது என்பதற்குச் சான்றொன்று காண்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அதிகாலை 4 மணியளவில் நீர் செலுத்தும் பம்பிகள் நின்றன. அமுக்கம் ஏறவே, அதனைத் தணிக்கும் வால்வு தானாகத் திறந்தது. அமுக்கம் தணிந்ததும் அது மூடியிருத்தல் வேண்டும்; ஆனால் திறந்தபடியே சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டறையிலோ அவ்வால்வுக்குரிய விளக்கு அணைந்தது. அதுகண்ட பணியாளர் வால்வு மூடிற்று எனக் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு காட்டியது வால்வின் நிலையை அன்று. வால்வை இயக்கும் மின்சுருளுக்கு மின் செல்கின்றதா என்பதை மட்டுமே. மூடுமாறு கட்டளை போயிற்று; அது நிறைவேறியதா என்பதை நேராக அறிவிக்கும் குறிகாட்டி இருக்கவில்லை. தொடக்க நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தமையால், முக்கியமானது எது, அற்பமானது எது எனப் பிரித்தறிதலும் அரிதாயிற்று. நீர் மிகுந்துவிட்டது எனக் கருதி, உலையைக் காக்கவந்த அவசர நீரையும் அவர்கள் குறைத்தனர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே, மற்றொரு வால்வினால் அவ்வழி அடைக்கப்பட்டது. உலையின் கருவகத்தில் ஏறக்குறையப் பாதி உருகிப் போயிற்று.

இவ்விபத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பேசிக் என்னும் கணினி மொழியை ஆக்கிய இருவருள் ஒருவரான ஜோன் கெமெனி. பணியாளரின் பிழையை எடுத்துரைத்த அக்குழு, அப்பிழைக்கு இடந்தந்த பயிற்சிக் குறைவையும் கட்டுப்பாட்டறை அமைப்பையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

நம் மாணவர்க்கும் இதிற் பாடம் உண்டு. கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றும் பம்பியைத் தானாக இயக்கும் கருவியொன்றைப் பாடசாலைக் கண்காட்சிக்கு அமைப்பதாகக் கொள்வோம். பம்பிக்குச் செல்லும் மின்கம்பியிலிருந்தே பச்சை விளக்கொன்றை எரியச் செய்தல் எளிது. ஆயின் கிணறு வற்றினாலும் அவ்விளக்கு எரியும். பம்பியோ சூடேறிக் கெடும். குழாயில் நீர் ஓடுவதை அறியும் உணரியொன்றைப் பொருத்தி, அதன்வழி விளக்கை எரியச் செய்வதே முறை.

கருவியை முடித்ததும், அதன் உள்ளமைப்பை அறியாத தாயாரையோ தம்பியையோ அழைத்து, "இப்போது நீர் ஏறுகின்றதா?" என வினவுங்கள். விளக்கை மாத்திரம் பார்த்து அவர் உண்மையைச் சொல்வாராயின், கருவி நிறைவுற்றது எனலாம்.