மாட்டுக்கு வில்லை, பூனைக்கு என்ன?

வாழப்பாடிப் பக்கம் கறவை மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். மாடு இறந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்த வில்லையைத்தான்.

அதே வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனைக்கு?

அதற்கு வைத்தியம் உண்டு. 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய், பூனையையும் பார்க்கிறார்கள். தனியார் கிளினிக் என்றால் செலவு வேறு. டாக்டர் ஃபீஸ் கொஞ்சம்தான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நாலு நாள் டிரிப்ஸ் என்று சேரும்போதுதான் பில் கனக்கும்.

பெர்சியன் பூனைக்குட்டி வளர்த்து விற்பவர்களை அதிகம் பயமுறுத்துவது பான்லூக்கோபீனியா என்ற தொற்றுநோய். சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி, பேதி. ஓரிரு நாளில் குட்டி போய்விடலாம். ஒன்றுக்கு வந்தால் கூடப் பிறந்தவற்றுக்கும் தொற்றும். பிறந்து எட்டாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும் தடுப்பூசிதான் அதற்குக் காவல்.

வைத்தியச் செலவுக்குக் கைகொடுக்க, மாட்டைப் போலப் பூனைக்கும் இன்சூரன்ஸ் உண்டு. அமெரிக்காவில் முதல் செல்லப்பிராணி பாலிசி 1982-ல் எடுக்கப்பட்டது, தொலைக்காட்சியில் 'லாஸி'யாக நடித்த நாய்க்கு. நம் நாட்டில் 2020-ல் நாய்களுக்குப் பாலிசி கொண்டுவந்த பஜாஜ் அலையன்ஸ், பிறகு பூனைகளையும் சேர்த்துக்கொண்டது.

பாலிசி எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள்: வயது வரம்பு, காத்திருப்புக் காலம், விலக்கப்பட்ட நோய்கள். பொதுவாக, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது. தடுப்பூசி அட்டையையும் பில்களையும் பத்திரமாக வையுங்கள். கிளெய்முக்கு அவைதான் ஆதாரம்.