மடக்குக்கத்தியும் உவர்நீரும்

விடியற்காலையில் வாழைச்சேனைக் களப்பிலிருந்து தோணி கரையேறும்போது வலையில் சிக்கிய பாசியை அறுப்பதற்கு ஒரு கத்தி வேண்டும். வயலில் உரமூட்டையின் வாயைத் திறப்பதற்கும், கடையில் சணற்கயிற்றை நறுக்குவதற்கும், துவிச்சக்கர வண்டியின் பழுதான குழாயைச் சுரண்டி ஒட்டுவதற்கும் ஒரு கத்தி வேண்டும். இவ்வேலைகளுக்கெல்லாம் நம்மவர் எடுப்பது பெரும்பாலும் சட்டைப்பையில் அடங்கும் சிறிய மடக்குக்கத்தியே. பெட்டிக்கடையிலோ சந்தையிலோ சிறிது பணத்திற்கு வாங்கிய அதனை எவரும் பொருட்படுத்திப் பேசுவதில்லை. அது தொலைந்து போன அன்றுதான் அதன் பயன் நினைவுக்கு வரும்.

இத்தகைய விலை குறைந்த கத்திகளும், அவற்றோடு குறடு, திருப்புளி, அரம் முதலியவற்றை ஒன்றாய்ச் சேர்த்து அமைத்த பல்கருவிகளும் நம்பத்தக்கவைதாமா? அவற்றை நாள்தோறும் கையாளுவோரின் அனுபவம் யாது? இதனையே இன்று ஆராய விரும்புகின்றேன். பலருடைய அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகப் புலப்படுகின்றது. மலிவான கத்தி முதலிற் கெடுவது அலகிலன்று, அலகு மடங்குகின்ற மூட்டிலேயாம். வாங்கும்போது பார்க்கவேண்டிய இடமும், வாங்கியபின் பேணவேண்டிய இடமும் அந்த மூட்டே.

கத்தியின் உறுப்புக்களை முதலில் அறிந்துகொள்வோம். இறகு எழுதுகோலைச் சீவுவதற்குப் பயன்பட்டமையால் பேனாக்கத்தி என்னும் பெயர் வந்தது. வில்லுக்கத்தி என்னும் பெயர் அதன் அமைப்பைச் சொல்வது. பிடியின் முதுகுப்புறத்தில் வளைந்துகொடுக்கும் உருக்குத் தகடு ஒன்று உண்டு. அதுவே வில். விரித்த அலகையும் மடக்கிய அலகையும் தத்தம் இடத்தில் அழுத்தி நிறுத்துவது இவ்வில்லே. அலகும் பிடியும் ஒரு தறையாணியாற் பிணைக்கப்பட்டிருக்கும். அலகு, வில், தறையாணி ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடமே மூட்டு எனப்படும்.

இந்த எளிய அமைப்பை உலகெங்கும் பலர் திருத்தி வந்துள்ளனர். பிரான்சு நாட்டின் சவோய் மலைப்பகுதியில் யோசேப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் மரப்பிடியுள்ள எளிய மடக்குக்கத்தி ஒன்றைச் செய்தார். உழவர்க்கும் தொழிலாளர்க்கும் எட்டத்தக்க விலையில் விற்கப்பட்ட அக்கத்தியில், விரித்த அலகு தானே மடங்காதபடி தடுக்கும் வளையம் ஒன்று 1955ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் 1884ஆம் ஆண்டில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891இல் அந்நாட்டுப் படைவீரர்க்குக் கத்தி வழங்கினார். அவர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியே இன்று எங்கும் காணப்படும் சிவப்புப் பிடிக் கத்திகளின் முன்னோடி. குறட்டை நடுவாக வைத்த பல்கருவி இவற்றிற்கெல்லாம் மிகவும் பிந்தியது. அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் பழைய மோட்டார் வண்டி ஒன்றிற் பயணஞ் செய்தபோது, சட்டைப்பைக் கத்தி இருந்தும் குறடு இல்லாமல் இடர்ப்பட்டார். அவ்வனுபவத்தின் பயனாக அவர் அமைத்த கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பலவும் இம்மூன்று வகைகளுள் ஒன்றைப் பின்பற்றியவையே. தோற்றம் ஒன்றாயிருக்கும். உருக்கும் மூட்டும் ஒன்றாயிருப்பதில்லை.

இனி நம் ஊரின் தன்மைக்கு வருவோம். மலைநாட்டிற் பத்தாண்டு உழைக்கும் கத்தி வாழைச்சேனையில் ஓராண்டிற் கறள் பிடித்து இறுகிப்போவது ஏன்? உப்பே காரணம். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கடலோடு கலக்கும் நமது களப்பின் உவர்ப்பு, மாரிமழையிற் குறைந்தும் கோடையில் மிகுந்தும் மாறிமாறி வரும். கடற்காற்றும் உப்பைச் சுமந்தே வருகின்றது. அதனாற் கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் தண்ணீரிற் படாத கத்திக்கும் கறள் பிடித்தல் கூடும்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்பவர் 1913ஆம் ஆண்டில் துருவேறா உருக்கைக் கண்டார். உருக்கிற் குரோமியம் என்னும் உலோகம் ஏறத்தாழப் பத்தரை வீதமேனும் கலந்திருப்பின், கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலம் ஒன்று அதன் மேற்பரப்பில் உண்டாகிக் கறளைத் தடுக்கும். இப்படலம் கீறப்பட்டாற் காற்றிலுள்ள பிராணவாயுவைப் பெற்றுத் தானே மீண்டும் உருவாகும். ஆயின் உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். காற்றுப் புகாத இடுக்கில் உப்புநீர் தங்குமாயின் படலம் மீண்டும் உருவாவதற்கும் வழியில்லை. கத்தியிற் காற்றுப் புகாத இடுக்கு எது? மூட்டே.

மலிவான கத்திகளில் இன்னொரு குறையும் உண்டு. அலகின்மேல் துருவேறா உருக்கென்று பொறித்திருப்பார்கள். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் உள்ளே மறைந்திருக்கும் வில்லும் தறையாணியும் பல வேளைகளிற் சாதாரண உருக்காலானவை. பித்தளைத் தகடும் உருக்கு வில்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், உருக்கு மேலும் விரைவாக அரிக்கப்படும். களப்பில் வலை வீசும் ஒருவர் கூறியதைக் கேட்டிருக்கின்றேன். அவருடைய கத்தியின் அலகு கண்ணாடிபோல் மின்னியது. அதை அவர் நாள்தோறும் துடைத்துவந்தார். ஒருநாள் விரிக்க முயன்றபோது வில் இரண்டாக முறிந்தது. கண்ணுக்குத் தெரிந்த அலகைத் துடைத்தவர், தெரியாத மூட்டைக் கழுவவில்லை. அவருடைய தோழர் அதே கடையில் அதே விலைக்கு வாங்கிய கத்தி இன்னும் உழைக்கின்றது. அவர் கரைக்கு வந்ததும் அதனை நன்னீர் வாளியில் விரித்தும் மடக்கியும் அலசுவது வழக்கம்.

காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் அது துருவேறா உருக்கன்று என்று முடிவு செய்வோர் பலர். சமையற் பாத்திரங்கள் பலவற்றிற்கு அச்சோதனை ஓரளவு பொருந்தும். கத்திக்குப் பொருந்தாது. அலகு கூர்மை தாங்க வேண்டுமாயின் அதனைச் சூடாக்கிக் குளிர்வித்து வன்மையேற்ற வேண்டும். அவ்வாறு வன்மையேறும் துருவேறா உருக்கும் காந்தத்தில் ஒட்டும். ஆகவே இச்சோதனையை நம்பி நல்ல கத்தியைத் தள்ளிவிடலாகாது.

அப்படியாயின் வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? அலகை விரித்து, அதன் முதுகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அக்கத்தி வேண்டா. புதிதாக இருக்கும்போதே ஆடும் மூட்டு நாளடைவில் மேலும் தளர்ந்தே போகும். மடக்கிய கத்தியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், அலகு இருபுறத் தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். பூட்டுள்ள கத்தியாயின், அலகை விரித்துப் பூட்டியபின், மடங்கினாலும் விரலிற் படாதவாறு பிடியின் பக்கங்களை மட்டும் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரப்பலகையில் மெல்லத் தட்டுங்கள். பூட்டு வழுக்கி அலகு மடங்குமாயின் அதனைக் கடையிலேயே விட்டுவிடுவது நன்று. பூட்டில்லாத கத்தி ஒருபோதும் ஏமாற்றுவதில்லை. அது மடங்கும் என்று நாம் அறிந்தே பிடிக்கின்றோம். பூட்டியிருக்கின்றது என்று நம்பவைத்துப் பின் மடங்கும் கத்தியே விரலை வெட்டும். தேங்காய்ச் சிரட்டையைக் குத்திக் கிளப்புதல் போன்ற வேலைகளில் மடக்குக்கத்தியின் நுனியைச் செலுத்தலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

பல்கருவியைப் பற்றி உடையவர்கள் கூறுவது சற்று வேறுபட்டது. இருபது கருவிகள் அடங்கியதென்று பெருமையோடு வாங்குவோர், சில திங்கள் கழிந்தபின் எடுப்பது அலகு, குறடு, திருப்புளி, போத்தல் திறப்பான் ஆகிய நான்கையே. ஏனையவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கருவி ஒவ்வொன்றும் ஓர் இடுக்கு. இடுக்கு ஒவ்வொன்றும் உப்புக்கு ஓர் இருப்பிடம். ஆகவே நம் கரையோரத்தாருக்குக் கருவிகள் குறைந்த பல்கருவியே நெடுநாள் உழைக்கும். மலிவான குறட்டின் மூட்டு முறுக்கினால் தளர்கின்றது. திருப்புளியின் நுனி மென்மையான உருக்காயின் உருண்டுபோகின்றது. துவிச்சக்கர வண்டியின் சிறு ஆணியைத் திருக அது போதும். படகு இயந்திரத்தின் இறுகிய மரையாணிக்கு அதனைப் பயன்படுத்தினாற் கருவியும் கெடும். மரையாணியின் தலையும் கெடும். கரைக்கு வந்து சேரும்வரை கைகொடுப்பது பல்கருவி. வேலையை முடிப்பது பட்டறைக் கருவி. மின்சார வேலைக்கோ அது அறவே உதவாது. பிடி முழுதும் உலோகமாதலின் 230 வோல்ற்று மின்சாரம் நேரே கையிற் பாயும்.

படகில் வேலை செய்வோர் மிகவும் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வலை விரைந்து இறங்கும்போது கயிறு காலிற் சுற்றிக்கொள்ளுமாயின், அதனை அறுப்பதற்குக் கிடைப்பவை சில நொடிகளே. நனைந்த கையால், நகத்தை வைத்து அலகை இழுத்து விரிக்கும் மடக்குக்கத்தி அவ்வேளையில் உதவாது. மூட்டு இறுகியிருந்தால் விரிக்கவே இயலாது. உறையிலிட்டு இடுப்பிலோ படகின் உட்புறத்திலோ கட்டிவைத்த, மடங்காத சிறு கத்தியே அங்கு வேண்டப்படுவது. இன்றைய நைலோன் கயிறு வழுக்குந் தன்மையுடையதாதலின், அவ்வலகின் ஒரு பகுதி வாள்பல் போன்று இருத்தல் நலம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. மூட்டே இல்லாத கத்தியில் கெடுவதற்கு மூட்டும் இல்லை. சட்டைப்பைக் கத்தி எவ்வளவு நல்லதாயினும் உயிர்காக்கும் இப்பணியை அதனிடம் ஒப்படைத்தல் தகாது.

பேணும் முறை எளிது. நன்னீரில் விரித்தும் மடக்கியும் அலசுக. நீரை உதறி, விரித்தபடியே காற்றில் உலர்த்துக. நன்கு உலர்ந்தபின் மூட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டு, நாலைந்து முறை மடக்கி விரிக்க. தேங்காய் எண்ணெய் வீட்டில் எளிதிற் கிடைப்பதுதான்; எனினும் அது நாளடைவிற் பிசினாகித் தூசியைப் பற்றும். தையல் இயந்திரத்திற்கு விடும் மெல்லிய எண்ணெயே மூட்டுக்கு ஏற்றது. பழம் நறுக்கும் அலகிற்குத் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்துவிடலாம்.

தீட்டுவதிலும் பொறுமை வேண்டும். மலிவான அலகு விரைவில் மழுங்கும் என்பது பலரது குறை. அது மெய்யே. ஆயின் மென்மையான உருக்கு விரைவிற் கூர்பெறவும் செய்யும். நனைத்த தீட்டுகல்லில் ஏறத்தாழ இருபது பாகை சாய்வில், இருபுறமும் ஒரே எண்ணிக்கையாகத் தீட்டினாற் போதும். விரைந்து சுழலும் மின்சாரச் சாணையில் அலகை அழுத்திப் பிடித்தல் ஆகாது. தீப்பொறி பறந்து விளிம்பில் நீலநிறம் படருமாயின், உருக்கின் வன்மை அவ்விடத்தில் நீங்கிவிட்டதென்று அறிக. பின்னர் எத்துணை தீட்டினும் அக்கூர்மை நிலைக்காது.

கத்தியைச் சுமப்பதிலும் ஒழுங்கு உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்றோர், சட்டைப்பையில் ஒரு சிறு கத்தி வைத்திருக்கவும் அஞ்சினர். அக்காலம் கழிந்தது. எனினும் தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துச் சென்று, வேண்டாதபோது வீட்டில் வைத்தலே முறை. விமானப் பயணத்திற் கைப்பையில் அதனைக் கொண்டுசெல்ல இடமில்லை. பிறர் கையிற் கத்தியை நேரே கொடுக்காமற் கீழே வைத்து எடுக்கச் சொல்லும் நம் முன்னோர் வழக்கமும் கைகளைக் காப்பதேயாம்.

நேயர்களே, நல்ல கத்திக்குப் பெரும்பணம் வேண்டும் என்பதும், மலிவானது எல்லாம் வீண் என்பதும் ஒருங்கே தவறான எண்ணங்கள். ஆட்டமில்லாத மூட்டும் வழுக்காத பூட்டும் உள்ள எளிய கத்தி ஒன்றைத் தெரிந்தெடுங்கள். களப்பிலிருந்து வந்ததும் ஒரு குவளை நன்னீரை அதற்குச் செலவிடுங்கள். திங்களுக்கு ஒருமுறை மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மூட்டு தளர்ந்த கத்தியை, அலகு எவ்வளவு கூராயிருப்பினும், பிள்ளைகள் கைக்கு எட்டுமாறு விட்டுவைக்க வேண்டா. படகிற் போகிறவர்கள், உறைக்கத்தி தன் இடத்தில் இருக்கின்றதா என்று பார்த்தபின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.