சோலார் வாட்ச் சரி, ரேடியோ வாட்ச் நமக்குச் சரிப்படுமா?

போன வருஷம் என் பழைய வாட்சுக்கு பேட்டரி மாற்றினேன். தெருமுனைக் கடை, பத்து நிமிஷ வேலை. அடுத்த மழையிலேயே கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்துவிட்டது. பின்மூடியை மறுபடி பொருத்தும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. பின்மூடியை அடிக்கடி திறக்கவே தேவையில்லாத வாட்ச்தான் இனிமேல் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

தேடும்போது கண்ணில் பட்டது கேஸியோ ஜிடபிள்யூ-எம்5610. வெளிச்சத்தில் தானே சார்ஜ் ஆகும், ரேடியோ அலையைப் பிடித்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். படித்ததும் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் விவரமாகப் படித்தேன். நீங்கள் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளட்டுமே என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் சோலார். டயலைச் சுற்றியுள்ள சோலார் தகடு உள்ளே இருக்கும் சின்ன ரீசார்ஜ் பேட்டரிக்கு மின்சாரம் தருகிறது. கையேட்டின்படி ஒரு நாள் செலவை ஈடுகட்ட வெட்டவெளி வெயிலில் 5 நிமிடம் போதும். ஜன்னலோர வெளிச்சம் என்றால் 24 நிமிடம். ஆபீஸ் டியூப்லைட் மட்டும் என்றால் 8 மணி நேரம். முழுக்கைச் சட்டைக்காரர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்கவும். முழு சார்ஜில் வெளிச்சமே படாவிட்டாலும் சுமார் 10 மாதம் ஓடும். அந்த ரீசார்ஜ் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, ஆனால் அது பல வருடக் கணக்கு. சென்னை வெயிலில் இது லாபமான பேரம்.

அடுத்தது ரேடியோ. சில நாடுகள் அணுக்கடிகார நேரத்தை நீண்ட அலையில் ஒலிபரப்புகின்றன. விநாடிக்கு ஒரு குறி, 60 விநாடியில் ஒரு முழுச் செய்தி: மணி, நிமிடம், தேதி எல்லாம் அதில் உண்டு. நள்ளிரவுக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் வாட்ச் அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரவில் இந்த அலைகள் தூரமாகப் போகும் என்பதால் அந்த நேரம்.

என் வாட்ச் பிடிக்கக்கூடிய நிலையங்கள் மொத்தம் ஆறு. ஜப்பானில் ஃபுகுஷிமா பக்கம் ஒன்று (40 கிலோஹெர்ட்ஸ்), கியூஷு தீவில் ஒன்று (60). சீனாவில் ஷாங்சியூ (68.5), ஜெர்மனியில் மைன்ஃபிலிங்கன் (77.5), இங்கிலாந்தில் ஆன்தோர்ன் (60), அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் (60). இந்தியாவில் ஒன்றும் இல்லை. நமக்குக் கிட்டத்தில் இருப்பது ஷாங்சியூ. அதன் வீச்சு சுமார் 1,500 கிலோமீட்டர் என்கிறது கையேடு. சென்னை அங்கிருந்து நாலாயிரத்துக்கும் மேல்.

ஊரை டெல்லி என்று வைத்தால் இந்த வாட்ச் அலையைத் தேடவே தேடாது. நான் விடுவேனா? ஹாங்காங் என்று மாற்றி ஒரு வாரம் ராத்திரி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். ஏழு நாளும் தோல்வி. "காக்காய் தூக்கிட்டுப் போகப் போகுது" என்றாள் மனைவி.

அலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானிலேயே ஒரு தடவை நடந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது அந்த 40 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 20 கிலோமீட்டர் வெளியேற்ற வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. ஊழியர்கள் வெளியேற, மார்ச் 12 அன்று ஒலிபரப்பு நின்றது. ஏப்ரல் 21 அன்றுதான் மறுபடி தொடங்கியது. அதற்காக வாட்சுகள் நின்றுவிடவில்லை. சாதாரண குவார்ட்ஸ் வாட்சாக ஓடிக்கொண்டிருந்தன. நம் ஊரில் எப்போதும் அந்த நிலைமைதான்.

குவார்ட்ஸ் மட்டும் என்றால் மாதத்துக்கு 15 விநாடி வரை கூடலாம், குறையலாம் என்கிறது கையேடு. 30 நாளில் 25,92,000 விநாடி. அப்படியென்றால் பிழை பத்து லட்சத்தில் சுமார் ஆறு பங்கு. நான் நோட்டில் குறித்து வந்ததில் முதல் மாதம் 8 விநாடி அதிகம், இரண்டாம் மாதம் 7. பஸ் பிடிக்க இது போதாதா?

போதாது என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஜப்பான் நிலையத்தின் குறியை 13.33 கிலோஹெர்ட்ஸ் ஒலியாக அனுப்பும் ஆப்கள் இருக்கின்றன. அதன் மூன்று மடங்கு 40. இயர்போன் வயரில் கசியும் அந்த மூன்றாம் மடங்கு அலையைத்தான் வாட்ச் பிடிக்கிறது. ஊரை டோக்கியோ என்று வைத்து, வயரை வாட்சைச் சுற்றிச் சுருட்டி வைத்தேன். சில நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. திரும்ப டெல்லிக்கு மாற்றியதும் மூன்றரை மணி நேரம் தானாகக் குறைந்தது. போன் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, இங்கே இருப்பவர்கள் சோலாருக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். ரேடியோவுக்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் வேண்டாம். விநாடி சுத்தம் வேண்டுமென்றால் போனோடு புளூடூத்தில் பேசும் சோலார் வாட்ச் (உதாரணமாக ஜிடபிள்யூ-பி5600) வாங்கலாம். ஜிபிஎஸ் வாட்சும் நம் ஊரில் வேலை செய்யும், ஆனால் விலை எகிறும். ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா என்று போய்த் தங்குபவர்களுக்கு ரேடியோ வாட்ச் அருமையான பொருள்.

அப்பா தினமும் காலை 7.15 செய்தி ஆரம்பிக்கும்போது தன் எச்எம்டி வாட்சுக்குச் சாவி கொடுத்து, முள்ளையும் சரிசெய்வார். எங்கள் வீட்டில் சரியாக வேலை செய்த ரேடியோ வாட்ச் அது ஒன்றுதான்.