குழிப்பந்தாட்டச் சுற்று

குழிப்பந்தாட்டச் சுற்று என்பது, திடலிலுள்ள குழிகள் அனைத்தையும் வரிசைப்படி ஒருமுறை ஆடி முடிப்பதாகும். கோல்ஃப் என்று பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் முழுச் சுற்று 18 குழிகளைக் கொண்டது. நால்வர் குழு நடந்து ஆடினால் நான்கு முதல் நான்கரை மணி நேரம் ஆகும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூசு திடலில் முன்பு 22 குழிகள் ஆடப்பட்டன; 1764 இல் அவை 18 ஆகக் குறைக்கப்பட்டன. பிற்காலத்தில் இவ்வெண்ணிக்கையே வழக்கமாயிற்று.

ஆட்ட முறை

ஒவ்வொரு குழிக்கும் தனித் தொடக்கமேடை உண்டு. அங்கு பந்தை 'டீ' எனப்படும் சிறு தாங்கியின் மேல் வைத்து முதல் அடி அடிக்கப்படுகிறது. பின்னர் பந்து எங்கு கிடக்கிறதோ அங்கிருந்தே ஆட வேண்டும். நெருங்கக் கத்தரித்த புல்தரையான 'கிரீனை' அடைந்ததும், பந்தை உருட்டி 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியில் விழச் செய்வர். ஒருவர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம்.

தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை 'பார்' எனப்படும். இது பொதுவாக 3, 4 அல்லது 5 ஆகும். பல திடல்களில் மொத்தம் 72. அடிகளைக் கணக்கிடும் ஆட்டத்தில் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். ஓர் அடியின் மதிப்பு பெரிது. டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் (2021 இல் நடைபெற்றது) இந்தியாவின் அதிதி அசோக் நான்கு சுற்றுகளையும் 269 அடிகளில் முடித்து நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் எடுத்தவை 268.

கால அளவு

நேரத்தை நிர்ணயிப்பது மட்டை வீச்சு அன்று. அது ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். ஆட்டக்காரர் ஒருவர் 90 அடிகள் எடுப்பதாகக் கொண்டால் நால்வருக்கும் சேர்த்து 360 அடிகள். ஆயத்தம் உட்பட ஒவ்வொன்றுக்கும் 30 நொடி ஆனால் மூன்று மணி நேரம். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடைக்கு மேலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓர் அடிக்குப் பத்து நொடி கூடினாலே சுற்று ஒரு மணி நேரம் நீளும். பின்னால் வரும் குழுக்களும் காத்திருக்க நேரிடும்.

எனவே 2019 இல் விதிகள் திருத்தப்பட்டன. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் கிடைக்காவிடில் ஓர் அடி தண்டனையுடன் முந்தைய இடத்திலிருந்து மீண்டும் ஆட வேண்டும். ஓர் அடியை 40 நொடிக்குள் ஆடுமாறு பரிந்துரைக்கப்பட்டது. அடிகளைக் கணக்கிடும் ஆட்டத்தில், குழியிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் ஆடும் மரபைவிட, ஆயத்தமாக உள்ளவர் ஆடுவது ஊக்குவிக்கப்படுகிறது.

சென்னையில்

நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் சங்கத்தின் திடல் உள்ளது. மெட்ராஸ் ஜிம்கானா சங்கத்தின் திடல் கிண்டி குதிரைப் பந்தயத் தடத்தின் உட்புறத்தில் அமைந்திருந்தது. அந்நிலத்தின் குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024 இல் இரத்து செய்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலிருந்து செல்வோர் பயண நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பாதி நாள் போய்விடும். வெயிலைத் தவிர்க்க அதிகாலையில் தொடங்குவது நல்லது. டிசம்பரில் மாலை 5:45 அளவில் சூரியன் மறைவதால், பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின் தொடங்கும் நால்வர் குழு 18 குழிகளையும் வெளிச்சத்தில் முடிப்பது கடினம். அத்தகையோர் 9 குழிகள் மட்டும் ஆடுவதுண்டு.