நாட்டுச் சர்க்கரையும் ஈரமும்: சங்கக் கிடங்கில் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

கரும்பு பயிரிடும் குடியானவர் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நீர் பாய்ச்சி, எருவிட்டு, களை எடுத்துப் பாடுபடுகிறார். அப்பாட்டின் பலன் முழுவதும் கடைசியில் சில சர்க்கரை மூட்டைகளுக்குள் வந்து அடங்குகின்றது. வயலில் பூச்சி விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது; உடனே பரிகாரம் தேடுகிறோம். ஆனால் மூட்டைக்குள் சர்க்கரை கெடுவது வெளியே தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கிடங்கைத் திறக்கும்போதுதான் சாக்கு நனைந்திருப்பதும், புளித்த வாடை வீசுவதும், பாகு கசிந்து அடுத்த மூட்டையில் இறங்கியிருப்பதும் புலனாகின்றன. அதற்குள் நஷ்டம் நேர்ந்துவிடுகிறது. சங்கக் கிடங்கில் இந்த நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை என்பதே இக்கட்டுரையில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது.

கொங்கு நாட்டில், ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிப் பகுதியில் செய்யப்படும் நாட்டுச் சர்க்கரை பேர்பெற்றது. பழனித் தேவஸ்தானத்தார் பஞ்சாமிர்தத்துக்காக இங்கிருந்து சர்க்கரை கொள்முதல் செய்வதை யாவரும் அறிவர். அப்பஞ்சாமிர்தம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய சந்தையில் வாங்க வருபவர் முதலில் சர்க்கரையைக் கையில் அள்ளி, அதன் நிறத்தையும் உலர்வையும் பார்க்கிறார். இவ்விரண்டையும் கெடுப்பது ஈரமே.

சர்க்கரை ஈரம் வாங்குவது ஏன்?

கரும்புச்சாற்றில் பெரும்பகுதியாக இருப்பது சுக்ரோஸ் என்னும் இனிப்புப் பொருள். இது நன்றாய் மணி பிடிக்கும். தூய நிலையில் காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் வாங்காது. ஆனால் புளிப்பும் சூடும் சேர்ந்தால், சுக்ரோஸ் பிரிந்து குளுகோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டு பொருள்களாக மாறுகின்றது. இவை, முக்கியமாய் பிரக்டோஸ், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையவை. நாட்டுச் சர்க்கரையில் இவை எப்போதும் ஓரளவு உண்டு. மேலும், உருண்டை வெல்லத்துக்கு வெளிப்புறம் மட்டுமே காற்றில் படுகின்றது. தூளாக்கிய சர்க்கரையிலோ ஒவ்வொரு மணியின் மேற்பரப்பும் காற்றில் படுகின்றது. ஆகையால் தூள் விரைவில் நனைகின்றது.

நனைந்த மணியின்மேல் மெல்லிய பாகு படிகிறது. அதில் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பு ஏறினால் சுக்ரோஸ் மேலும் பிரிகின்றது. அதனால் இன்னும் அதிக ஈரம் சேருகின்றது. இவ்வாறு கேடு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகின்றது. தொடக்கத்தில் தடுப்பது எளிது. நடுவில் நிறுத்துவது கடினம்.

பாதுகாப்பு ஆலையிலேயே தொடங்கவேண்டும்

கிடங்கில் செய்யும் எந்த முயற்சியும் மோசமாய்க் காய்ச்சிய சர்க்கரையை நல்லதாக்கிவிடாது. வெட்டிய கரும்பைப் போட்டு வைக்காமல் ஒருநாளுக்குள் ஆட்டிவிடவேண்டும். காய்ந்து கிடந்த கரும்பில் சுக்ரோஸ் பிரியத் தொடங்கிவிடுகின்றது. சாற்றின் புளிப்பைத் தணிக்கச் சுத்தமான சுண்ணாம்புநீரை அளவறிந்து சேர்க்கவேண்டும். அதிகமாய்விட்டால் நிறம் கறுத்துவிடும். அழுக்கை அவ்வப்போது முழுதும் எடுத்துவிடவேண்டும். வெண்டைத் தண்டின் வழவழப்பான சாறு இதற்கு உதவுகின்றது. நிறத்துக்காக ஹைட்ரோஸ் போன்ற வெளுப்பு மருந்துகளைப் போடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அது உண்பவர் உடலுக்கும் ஊரின் பெயருக்கும் கேடு.

பாகை ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இறக்குவது தூள் சர்க்கரைக்கு ஏற்றது. உருண்டை வெல்லத்துக்கு வேண்டிய பதத்தைவிட இது சற்று அதிகம். இச்சூட்டுப் பாகு கொதிநீரைவிடக் கொடியது. உடம்பில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாய்ச் சுடும். ஆகவே கொப்பரை இறக்கும் இடத்தில் குழந்தைகளை விடலாகாது. அருகே ஒரு தொட்டி குளிர்ந்த நீர் எப்போதும் இருக்கவேண்டும். பாகு பட்டால் உடனே அந்த இடத்தின்மேல் நெடுநேரம் தண்ணீர் ஊற்றி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

பாகு ஆறி வரும்போது மரத்துடுப்பால் தேய்த்துத் தூளாக்கி, 3 மில்லிமீட்டர் அளவுள்ள சல்லடையில் சலிப்பது நலம். கட்டிகள் உள்ளே ஈரத்தை அடக்கி வைத்திருக்கும். அவற்றைத் தனியே உடைத்து உலர்த்தவேண்டும். சலித்த தூளைச் சுத்தமான துணியின்மேல் மெல்லியதாகப் பரப்பி, ஈக்கள் மொய்க்காதபடி மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் காயவைக்கவேண்டும். பனி இறங்குமுன் எடுத்துவிடவேண்டும். இப்படி உலர்த்தி ஈரம் நூற்றுக்கு 2 பங்குக்குக் கீழே வந்த சர்க்கரை, காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் மழைக்காலத்தையும் தாங்கும்.

எடை கூடுவது இலாபமன்று

இவ்விடத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 60 கிலோ மூட்டையில் ஈரம் நூற்றுக்கு 2 பங்கானால், அதிலுள்ள தண்ணீர் 1 கிலோ 200 கிராம். அதே சர்க்கரை நூற்றுக்கு 8 பங்கு ஈரமாகும்வரை காற்றை வாங்கினால், மூட்டையின் எடை ஏறக்குறைய 64 கிலோவாகிவிடும். தராசில் 4 கிலோ கூடுகின்றது. உள்ளே ஒரு கிராம் சர்க்கரையும் கூடவில்லை. இதைக் கண்டு, "உலர்த்தினால் எடை குறையுமே" என்று சிலர் உலர்த்தாமல் மூட்டையைக் கொண்டுவருகின்றனர்.

அந்த மூட்டை அன்றைக்கே விற்றுப்போனால் அவருக்குச் சிறு ஆதாயம் இருக்கலாம். ஆனால் சங்கக் கிடங்கில் மூன்று மாதம் இருக்கவேண்டுமானால் என்ன நேரும்? பாகு கசிந்து கீழே அடுக்கிய மூட்டைகளில் இறங்கும். எறும்பும் ஈயும் சேரும். ஒழுங்காய் உலர்த்திக் கொண்டுவந்த அண்டை வீட்டாரின் சரக்கும் கெடும். சரக்கை ஈடாக வைத்துச் சங்கம் கடன் கொடுத்திருந்தால், ஈட்டின் மதிப்பே குறைந்துவிடும். கடன் வசூலாகாவிடில் அந்தப் பாரம் அங்கத்தினர் யாவர் தலையிலும் விழும். எனவே ஈர மூட்டையைத் திருப்பி அனுப்பும் காரியதரிசியை விரோதியாக எண்ணலாகாது. அவர் எல்லாருடைய பொருளையும் காக்கிறார்.

கிடங்கு வாயிலில் செய்யத்தக்க சோதனை எளிதானது. மூட்டையின் மேற்புறத்தில் மட்டுமன்றி, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கவேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரக்கு நல்லது. பிடித்த வடிவிலேயே நின்றாலும், கையில் பிசுபிசுத்தாலும், மீண்டும் உலர்த்திக் கொண்டுவரச் சொல்லவேண்டும். ஈரமானியுள்ள சங்கங்கள் சர்க்கரைக்கு ஏற்றதா என்று பார்த்தே அதைப் பயன்படுத்தவேண்டும். நெல்லுக்காக அமைத்த கருவி சர்க்கரைக்குச் சரியான அளவு காட்டாது. இச்சோதனை தலைவர் வீட்டு மூட்டைக்கும் ஏழை அங்கத்தினர் மூட்டைக்கும் ஒன்றாகவே நடக்கவேண்டும்.

கட்டுவதும் அடுக்குவதும்

சூடு ஆறாத சர்க்கரையை மூட்டை கட்டலாகாது. உள்ளே வியர்த்து நனைந்துவிடும். சாக்கு மட்டும் ஈரத்தைத் தடுக்காது. உணவுக்கேற்ற கெட்டியான பாலிதீன் உறையைச் சாக்கினுள் இட்டு, சர்க்கரையை நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, உறையின் வாயை இறுகக் கட்டி, பிறகு சாக்கைத் தைக்கவேண்டும். உரம் வந்த சாக்கையும் பூச்சிமருந்து வந்த பையையும் கழுவியும் உபயோகிக்கலாகாது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டங்கள் அமைத்து அவற்றின்மேல் அடுக்கவேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஒருவர் நடந்துபோக இடம் விடவேண்டும். கூரை ஒழுக்கை ஆடி மாதத்துக்குள் பழுது பார்த்துவிடவேண்டும். காற்றோட்டம் நல்லதென்று எண்ணி மழை நாட்களில் கதவையும் சன்னலையும் திறந்துவைப்பது தவறு; ஈரக்காற்றை நாமே உள்ளே அழைப்பதாகும். வறண்ட வெயில் நாட்களிலேயே திறக்கவேண்டும். மண்ணெண்ணெய், உரம், கருவாடு, வெங்காயம் இவற்றை அதே அறையில் வைக்கலாகாது. எறும்புக்கும் ஈக்கும் சுத்தமே மருந்து. உணவுச் சரக்கின்மேல் விஷத்தூள் தூவலாகாது. முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போகும்படி, ஒவ்வொன்றிலும் உடையவர் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தல் அவசியம்.

தூசியைக் குறித்து ஓர் எச்சரிக்கை

சில சங்கங்கள் இயந்திரம் வைத்துச் சர்க்கரையை மாவுபோல் அரைக்கின்றன. மிக நுண்ணிய உலர்ந்த சர்க்கரைத் தூசி காற்றில் அடர்ந்து கலந்திருக்கையில் நெருப்புப் பட்டால் வெடிக்கும். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரிலிருந்த சர்க்கரைத் தொழிற்சாலையில் இவ்வாறு நேர்ந்து 14 பேர் மாண்டனர். முதல் வெடிப்பின் அதிர்ச்சியால் தரையிலும் மேலேயும் படிந்திருந்த தூசி கிளம்பி, அடுத்தடுத்து வெடித்ததே சேதம் பெருகக் காரணம். நம் அரைவை அறை சிறியதேயாயினும் நியதி ஒன்றே. தினந்தோறும் விட்டங்களிலும் மூலைகளிலும் உள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும், காற்றடித்துக் கிளப்பலாகாது. அவ்வறையில் பீடி, விளக்கு, திறந்த மின்கம்பி எதுவும் கூடாது. இயந்திரத்தின் தாங்கிகள் சூடேறாமல் அவ்வப்போது கவனித்துவரவேண்டும். சேமிப்பு அறையும் அரைவை அறையும் தனித்தனியே இருப்பது உத்தமம்.

முடிவுரை

மேலே கூறியவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. ஒரு சல்லடை, ஒரு துணி, ஒரு நாள் வெயில், ஓர் உறை, சில மரச்சட்டங்கள் போதும். இவற்றோடு எல்லாருக்கும் பொதுவான ஓர் ஏற்பாடும் வேண்டும்: உலராத மூட்டை யாருடையதாயினும் கிடங்குக்குள் வரலாகாது என்பதே அது. ஆலை ஓடத் தொடங்குமுன் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, கிடங்கு வாயிலில் எழுதி ஒட்டிவைப்பார்களாக. அவ்வாறு நடக்கும் சங்கத்தின் அங்கத்தினர் மழைக்காலத்தில் கிடைத்த விலைக்கு விற்கவேண்டிய கட்டாயமின்றி, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம்.