சாக மறுக்கும் 'செல்'

வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடலுக்குச் 'செல்' அப்படி. கண்ணுக்குத் தெரியாத உயிரணு அது.

ஒவ்வொரு செல்லுக்கும் ஆயுள் உண்டு. குடலின் உள்தோலில் பல செல்களுக்கு ஆயுள் சில நாட்கள்தான். வேலை முடிந்ததும் தாமாகவே செத்து உதிர்ந்துவிடும். அந்த இடத்துக்குப் புதிய செல் வரும்.

சில செல்கள் சாக மறுக்கின்றன! பெருகிக்கொண்டே போகின்றன. கட்டி வளர்கிறது. அதுதான் குடல் புற்றுநோய்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அக்காளை விடவில்லை. பல ஆண்டுகள் போராடினார். 1954-ம் ஆண்டு சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அங்கே 12 படுக்கைகள்தான்!

ஆபரேஷன், மருந்து, கதிர்வீச்சு. குடல் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய சிகிச்சை இவைதான். ஆனால் விஞ்ஞானிகள் வேறொரு வழியையும் தேடுகிறார்கள். சாக மறுக்கும் செல்லைச் சாக வைக்க முடியுமா?

கல்வெட்டும் படியும்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோவில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இதை அமைத்ததாக அவன் கல்வெட்டே சொல்கிறது. சுமார் 1,400 ஆண்டுகள் ஆகியும் எழுத்து நிற்கிறது.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்வார்கள்? ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பார்கள். அதை வைத்துப் படிப்பார்கள்.

செல்லுக்குள்ளும் இப்படித்தான். மரபணு என்பது கல்வெட்டு. அதிலிருந்து எடுக்கும் படிக்கு 'ஆர்.என்.ஏ.' என்று பெயர். படியில் உள்ளபடி செல் வேலை செய்யும்.

"சாகாதே" என்று உத்தரவு போடும் மரபணுவும் உண்டு. 'சர்வைவின்' என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு அப்படி ஒன்று. குடல் புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலும் இதன் ஆட்டம் அதிகம்.

கல்வெட்டை உடைக்க வேண்டாம். படியைக் கிழித்தால் போதும்! உத்தரவு நின்றுவிடும். செல் சாகத் தொடங்கும்.

படியைக் கிழிக்கும் வித்தையை, 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் கண்டார்கள் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற அமெரிக்கர்கள். அது 1998-ம் ஆண்டு. 2006-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தடை என்ன?

ஆராய்ச்சிக்கூடத்துத் தட்டிலும், எலியிலும் குடல் புற்றுநோய்ச் செல்கள் இந்த முறையில் செத்திருக்கின்றன. மனித உடலில்தான் சிக்கல். வெறும் மருந்தாக ஊசி போட்டால் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். கொழுப்பு உறையில் வைத்து அனுப்பினால், பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது. 2018-ல் அமெரிக்கா அனுமதித்த இவ்வகையின் முதல் மருந்தும், கல்லீரலில் உண்டாகும் கெட்ட புரதத்தைத் தடுக்கத்தான்.

குடல் கட்டிக்கு இது இன்னும் மருந்தாக வரவில்லை. "மரபணு வைத்தியம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்!

மலத்தில் ரத்தம் போனால், "மூலம்தானே" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சில வாரமாக மலம் போகும் வழக்கம் மாறினாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். விழுப்புரம் பக்கத்தவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவே உண்டு. ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி உள்ளே பார்ப்பார்கள். புற்றாக மாறாத சிறு கட்டி என்றால், அதே குழாய் வழியாகவே பெரும்பாலும் எடுத்துவிடலாம்.